ஸ்லோமோஷன் வீடியோ: ஃபிரேம் ரேட், ஷட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீடியோ எடுப்பவர்களும் ஃபோனில் ரீல்ஸ் எடுப்பவர்களும் ஸ்லோமோஷன் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. கேமரா எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். ஆனால் நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 60. யூடியூபில் அங்கிருந்து பாடம் எடுப்பவர்கள் சொல்லும் வினாடிக்கு 120 ஃபிரேம் (தனித்தனிப் படம்), 1/240 வினாடி ஷட்டர் (ஒரு ஃபிரேமுக்கு ஒளி உள்ளே விழும் நேரம்) என்ற எண்களை இங்கே மண்டபத்துக்குள் அப்படியே போட்டால் படம் சிமிட்டும். வருகிற புகார்களில் பாதி அதைப் பற்றித்தான் என்பதால் அந்தப் பதிலை மட்டும் நீட்டி எழுதியிருக்கிறேன்.

ஸ்லோமோஷன் எப்படி உண்டாகிறது?

வேகமாக எடுத்து மெதுவாக ஓட்டுவதால். வினாடிக்கு 100 ஃபிரேம் எடுத்து, 25 ஃபிரேம் வீதம் ஓட்டினால், ஒரு வினாடியில் நடந்தது திரையில் நான்கு வினாடி ஓடும். எடுத்த வேகத்தை ஓட்டும் வேகத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு மெதுவாகும் என்பது கிடைத்துவிடும். 50-ஐ 25-ஆல் வகுத்தால் இரண்டு மடங்கு, 240-ஐ 24-ஆல் வகுத்தால் பத்து மடங்கு.

அட்சதை போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அரிசி மணமக்கள் தலையைத் தொட ஏறக்குறைய 0.45 வினாடி ஆகும். 25-இல் எடுத்தால் அந்த நேரத்துக்குள் கிடைப்பது 11 ஃபிரேம். 100-இல் எடுத்தால் 45. அதை 25-இல் ஓட்டினால் அரிசி 1.8 வினாடி காற்றில் இருக்கும். மணப்பெண் கண்ணை மூடிச் சிரிப்பதும் அதற்குள் அடங்கிவிடும். 240-இல் எடுத்தால் நாலு வினாடிக்கு மேல் தொங்கும். அரிசியைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், முகத்தில் உயிர் இருக்காது.

இதை யார் கண்டுபிடித்தது?

கையால் சுற்றும் கேமரா இருந்த காலத்திலேயே கைப்பிடியை வேகமாகச் சுற்றினால் படம் மெதுவாக ஓடும் என்பது தெரிந்திருந்தது. இதற்கென்றே ஒரு கருவியை வடிவமைத்து 1904-இல் காப்புரிமை வாங்கியவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆகஸ்ட் மூஸ்கர் என்ற பாதிரியார். இயற்பியல் ஆசிரியரும்கூட. கட்டணம் கட்ட முடியாமல் காப்புரிமை அவர் கையை விட்டுப் போனது, பாவம்.

சாதாரணமாக 25-இல் எடுத்துவிட்டு எடிட்டிங்கில் மெதுவாக்கினால் போதாதா?

இல்லாத ஃபிரேமை எடிட்டிங் மென்பொருள் எங்கிருந்தோ கொண்டுவர வேண்டும். ஒரே ஃபிரேமை இரண்டு மூன்று தடவை காட்டினால் படம் தத்தித் தத்தி நடக்கும். இரண்டு ஃபிரேமை ஒன்றின்மேல் ஒன்றாகக் கலந்தால் பேய்ப்படம் மாதிரி இரட்டையாகத் தெரியும். மூன்றாவது வழி ஆப்டிகல் ஃப்ளோ. ஒவ்வொரு புள்ளியும் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று கணித்து, நடுவில் இருந்திருக்க வேண்டிய ஃபிரேமை மென்பொருளே வரைகிறது. டாவின்சி ரிசால்வ், பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருள்கள் இரண்டிலும் இந்த வசதி உண்டு.

வெறும் சுவரின் முன் ஒருவர் மெல்லத் திரும்பினால் இது அபாரமாக வேலை செய்யும். கூட்டத்தில், மாலை மாற்றும்போது, தவில் வாசிப்பவரின் விரல் பறக்கும்போது சொதப்பும்: விரல் உருகும், மாலையின் பூ பின்னால் நிற்பவர் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். 50-இல் எடுத்ததைக் கூடுதலாக இரண்டு மடங்கு இழுக்க இதை நம்பலாம். 25-இல் எடுத்ததை எட்டு மடங்கு இழுக்க நம்பாதீர்கள். ஒரு உபாயம்: பிறகு ஆப்டிகல் ஃப்ளோ போடப் போகிறோம் என்று முன்பே தெரிந்தால் ஷட்டரைச் சற்று வேகமாக வையுங்கள். விளிம்புகள் கூர்மையாக இருந்தால் கணிப்பு குறைவாகவே தவறும்.

ஷட்டர் எவ்வளவு வைக்க வேண்டும்?

ஃபிரேம் ரேட்டின் இரண்டு மடங்கு. 25-க்கு 1/50, 50-க்கு 1/100, 100-க்கு 1/200. சினிமா கேமராவில் சுழலும் அரைவட்டத் தகட்டிலிருந்து வந்த வழக்கம் என்பதால் 180 டிகிரி விதி என்பார்கள். ஒரு ஃபிரேமுக்கான நேரத்தில் பாதி திறந்திருக்கும், பாதி மூடியிருக்கும். கண்ணுக்குப் பழகிய அசைவுக் கலங்கல் அதில் கிடைக்கிறது.

விதியை மீறவே கூடாது என்றில்லை. பன்னீர் தெளிக்கும் துளி, உடைந்து சிதறும் தேங்காய் இதெல்லாம் 1/1000-இல் இன்னும் கூர்மையாக வரும். எதிர்த்திசையில் ஒரே ஒரு எல்லை: வினாடிக்கு 100 ஃபிரேம் எடுக்கும்போது ஒரு ஃபிரேமுக்கு 1/100 வினாடிக்கு மேல் கிடையாது. அதனால் ஷட்டரை அதற்கும் கீழே இறக்க முடியாது.

பலர் சாதாரண வீடியோவுக்கு வைத்த 1/50-ஐ மாற்ற மறந்து ஃபிரேம் ரேட்டை மட்டும் ஏற்றுவார்கள். சில கேமராக்கள் தாமாகவே ஷட்டரை மாற்றிக்கொண்டுவிடும், படம் திடீரென்று இருண்டுபோகும். ஏன் என்று தெரியாமல் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

மண்டபத்துக்குள் 120-இல் எடுத்தால் லைட் அடிக்கிறதே, ஏன்?

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கு வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது. கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் வினாடிக்கு 120 ஃபிரேம் எடுத்தால், ஒரு ஃபிரேம் விளக்கின் உச்சியில் விழும், இன்னொன்று பள்ளத்தில் விழும். 120-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் 20. அதாவது வினாடிக்கு 20 தடவை படம் மங்கிப் பிரகாசமாகும். அதையே 25-இல் ஓட்டி மெதுவாக்கும்போது சிமிட்டலும் சேர்ந்து மெதுவாகி, வினாடிக்கு நாலு தடவை மண்டபமே மூச்சு வாங்குவது போலத் தெரியும். சாதாரண வேகத்தில் கவனிக்காமல் போயிருப்பீர்கள். ஸ்லோமோஷனில் அது மட்டும்தான் கண்ணில் படும்.

இதற்கு மருந்து 120-ஐ விட்டுவிட்டு 100-க்கு வருவது. ஃபிரேம் ரேட் 100, ஷட்டர் 1/100. ஒவ்வொரு ஃபிரேமும் விளக்கின் ஒரு முழு ஏற்ற இறக்கத்தை உள்ளே வாங்கிக்கொள்வதால் எல்லா ஃபிரேமிலும் ஒரே அளவு வெளிச்சம் விழுகிறது. சிமிட்டல் போய்விடும். 120-இல் எந்த ஷட்டர் வைத்தாலும் இது நடக்காது. முழு ஏற்ற இறக்கத்துக்கு 1/100 வினாடி வேண்டும், 120-இல் கிடைப்பதோ அதிகபட்சம் 1/120.

180 டிகிரி விதி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 100-க்கு 1/200 வைக்க வேண்டும், நாம் 1/100 வைக்கிறோம். அசைவு கொஞ்சம் கூடுதலாகக் கலங்கும். பட்டுப்புடவை, மாலை, நடந்து வரும் மணப்பெண் இதற்கெல்லாம் அந்தக் கலங்கல் அழகாகவே இருக்கிறது. மண்டபத்துக்குள் விதியைவிட விளக்குதான் பெரியது என்பது என் கட்சி. போதாததற்கு 1/200-ஐவிட இரண்டு மடங்கு வெளிச்சம் வேறு கிடைக்கிறது.

200, 240 ஃபிரேமை மண்டப விளக்கில் மறந்துவிடுங்கள். அங்கே ஒரு ஃபிரேம் பிரகாசம், அடுத்தது மங்கல் என்று தாறுமாறாக வரும். அது வேண்டுமென்றால் வாசலுக்கு, பகல் வெளிச்சத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போங்கள்.

100 வைத்தும் சில இடங்களில் சிமிட்டுகிறதே?

எல்லா விளக்கும் ஒழுங்காக 100 தடவை ஏறி இறங்குவதில்லை. மலிவான சீரியல் செட்டுகள் சில 50 தடவைதான் எரிந்து அணைகின்றன. மேடையில் கலர் கலராகச் சுழலும் எல்இடி விளக்குகளுக்கு உள்ளே தனித் துடிப்பு இருக்கும். பின்னால் பெயர் ஓடும் எல்இடி திரையில் கிடைமட்டமாகப் பட்டை ஓடும். சில கேமராக்களில் ஷட்டரைத் தசமத்தில் நகர்த்தும் வேரியபிள் ஷட்டர் உண்டு. பட்டை நிற்கும் வரை அதை மெல்ல நகர்த்திப் பார்க்கலாம். இல்லையென்றால் திரை ஃபிரேமுக்குள் வராதபடி கோணத்தை மாற்றுவதுதான் வழி.

கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது இன்னொரு தலைவலி. அதன் வேகம் சுமைக்கேற்பச் சற்றுக் கூடும், குறையும். 50 சரியாக 50-ஆக இருக்காது. லேசான, மெதுவான மினுக்கல் வரலாம்.

முதல் நாள் மாலையே மண்டபத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு சுலபமான சோதனை. ஃபோனை 240 ஸ்லோமோஷனில் வைத்து ஒவ்வொரு விளக்கையும் ஓரிரு வினாடி எடுங்கள். திரும்ப ஓட்டினால் எது நிலையாக எரிகிறது, எது வெட்டிவெட்டி எரிகிறது என்பது பளிச்சென்று தெரியும். மோசமாக வெட்டுவதை அணைக்கச் சொல்லலாம், அல்லது அதற்கு முதுகைக் காட்டி நிற்கலாம். நீங்களே கொண்டுபோகும் எல்இடி விளக்கையும் இப்படிச் சோதியுங்கள். முழு வெளிச்சத்தில் ஒழுங்காக எரிந்துவிட்டு, பத்து சதவீதத்துக்குக் குறைத்தால் சிமிட்டுகிற விளக்குகள் இருக்கின்றன. அவற்றைக் குறைக்காமல் தள்ளி வையுங்கள்.

என் கேமராவில் 100 என்ற எண்ணே இல்லையே. 120தான் காட்டுகிறது.

மெனுவில் என்டிஎஸ்சி, பிஏஎல் (60 ஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ் நாடுகளின் பழைய டிவி முறைகள்) என்று ஒரு தேர்வு இருக்கும். என்டிஎஸ்சி என்றால் 24, 30, 60, 120. பிஏஎல் என்றால் 25, 50, 100. பிஏஎல்லுக்கு மாற்றுங்கள். சில கேமராக்கள் அணைந்து எரியும், சில கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லும். ஆகவே முகூர்த்தத்துக்கு நடுவில் மாற்ற வேண்டாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுக்கும் வேலையில் எல்லாக் கேமராவும் ஒரே பக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டைம்லைன் (எடிட்டிங்கில் கிளிப்புகளை அடுக்கும் வரிசை) 24, 25, 30 எதில் வைப்பது?

பிஏஎல்லில் எடுத்தால் 25. 50 சரியாக இரண்டு மடங்கு, 100 சரியாக நாலு மடங்கு. எந்த ஃபிரேமும் விடுபடாது, இரட்டிக்காது. ரிசால்வில் கிளிப்பை உள்ளே கொண்டுவந்த பிறகு புராஜெக்டின் டைம்லைன் ஃபிரேம் ரேட்டை மாற்ற விடாது. அதனால் முதலிலேயே வைத்துவிடுங்கள்.

மெதுவாக்கும்போது வேகத்தைக் குறைப்பதா, கிளிப்பின் ஃபிரேம் ரேட்டை மாற்றுவதா?

முழுக் கிளிப்பும் ஸ்லோமோஷன் என்றால் கிளிப்பின் ஃபிரேம் ரேட்டை 25 என்று மாற்றிவிடலாம். ரிசால்வில் கிளிப் ஆட்ரிபியூட்ஸ், பிரீமியரில் இன்டர்பிரெட் ஃபுட்டேஜ். கிளிப்பின் ஒரு பகுதி மட்டும் மெதுவாக வேண்டுமென்றால் டைம்லைனில் வேகத்தைக் குறையுங்கள். 100-இல் எடுத்ததற்கு 25 சதவீதம், 50-இல் எடுத்ததற்கு 50 சதவீதம். 100-இல் எடுத்ததை 20 சதவீதத்துக்கு இறக்கினால் இல்லாத ஃபிரேமைக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம், திரும்பவும் தத்தும். 40, 35 என்று வாய்க்கு வந்த எண்ணைப் போட்டாலும் ஃபிரேம்கள் சீரில்லாமல் விடுபட்டு நடை பிசகும்.

வெளிச்சம் போதவில்லை. என்ன செய்வது?

25-இல் 1/50 வைத்திருந்தவர் 100-இல் 1/200-க்குப் போனால் கால்பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும், இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) இழப்பு. ஐஎஸ்ஓ 800-இல் ஓடிய படம் 3200 கேட்கும். 1/100 வைத்தால் 1600 போதும். எஃப் 1.8 போல அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் லென்ஸ் ஒன்று பையில் இருந்தால் பெரிய உதவி. இல்லையென்றால் 100-ஐ விட்டு 50-க்கு இறங்குங்கள். இரண்டு மடங்கு மெதுவான, தெளிவான படம் நாலு மடங்கு மெதுவான, புள்ளி புள்ளியான படத்தைவிட நூறு மடங்கு மேல். அதிலும் உயர் ஃபிரேம் ரேட்டில் சில கேமராக்கள் சென்சாரின் ஒரு பகுதியை மட்டும் படிப்பதால் புள்ளிகள் இன்னும் பெரிதாகத் தெரியும்.

வெயிலில்?

அங்கே தலைகீழ். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8 வைத்தால் ஷட்டர் 1/3200 பக்கம் கேட்கும். 1/200-க்கு இறக்க நாலு ஸ்டாப் குறைக்க வேண்டும், வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி 16 ஃபில்டர் போதும். லாக் புரொஃபைலில் (பிறகு நிறம் திருத்துவதற்காகத் தட்டையாகப் பதியும் முறையில்) எடுப்பவர்களுக்குக் கேமரா ஐஎஸ்ஓவைக் குறைக்க விடாது என்பதால் இன்னும் அடர்த்தியான ஃபில்டர் தேவைப்படும்.

எஸ் அண்ட் க்யூ (ஸ்லோ அண்ட் க்விக்) முறை வைத்தால் சத்தம் வரவில்லையே?

வராது. சோனி கேமராக்களில் அந்த முறை கேமராவுக்குள்ளேயே மெதுவாக்கிக் கொடுக்கும், ஒலியைப் பதியாது. தாலி கட்டும் நேரத்தில் இதை வைத்திருந்தால் கெட்டி மேளம் போயிற்று. அதற்குப் பதில் சாதாரண வீடியோ முறையிலேயே 100-ஐத் தேர்ந்தெடுங்கள். ஒலியோடு, இயல்பான வேகத்தில் பதிவாகும். எந்த இடத்தில் மெதுவாக்குவது என்று பிறகு நிதானமாக முடிவு செய்யலாம்: முடிச்சு போடும் கைவரை இயல்பு வேகம், அட்சதை விழும்போது கால்வாசி வேகம் என்று. ஒரே கேமராவோடு வேலை பார்ப்பவர்களுக்கு இதுதான் ஒரே பாதுகாப்பு.

கார்டு? முழு எச்டியில் 100 ஃபிரேம், வினாடிக்கு 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட், வி30 (வினாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும்) கார்டு தாராளம். 4கேயில் 100, 120 எடுப்பவர்கள் வி60 வாங்குவது நல்லது.

ஃபோனில் 960 என்று போட்டிருக்கிறார்களே, அது நிஜமா?

சில ஃபோன்களில் நிஜம். 2017-இல் சோனி எக்ஸ்பீரியா எக்ஸ்இசட் பிரீமியம், சென்சாரோடு நினைவகத்தை ஒட்டிவைத்து அதைச் செய்தது, நொடிக்கும் குறைவான நேரத்துக்கு. பின்னால் வந்த பல ஃபோன்களில் 240, 480-இல் எடுத்து மீதியை மென்பொருள் நிரப்புகிறது. கண்டுபிடிக்க ஒரு வழி: வேகமாகச் சுழலும் மின்விசிறியை நல்ல வெளிச்சத்தில் எடுங்கள். இறக்கையின் ஓரம் குழைந்து நெளிந்தால் நடுவில் வரைந்த ஃபிரேம் இருக்கிறது.

ஐஃபோனில் ஸ்லோமோவாகத் தெரிகிறது, கணினியில் போட்டால் சாதாரணமாக ஓடுகிறது. கெட்டுப்போயிற்றா?

இல்லை. மூலக் கோப்பு 120 அல்லது 240 ஃபிரேமோடு இயல்பு வேகத்தில்தான் இருக்கிறது. மெதுவாக்குவது போட்டோஸ் ஆப். கணினியில் மேலே சொன்ன முறையில் மெதுவாக்கிக்கொள்ளுங்கள். எண் சரியாக 240 என்றில்லாமல் 239.8, 237 என்று காட்டினால் ஃபோன் ஃபிரேம் ரேட்டை நடுநடுவே மாற்றியிருக்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு எடிட் செய்தால் தொல்லை குறையும்.

ஷட்டரைக் கையால் வைக்க வேண்டுமென்றால் பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம், ஐஃபோனுக்கும் பல ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கும் உண்டு.

எவ்வளவு ஸ்லோ போதும்?

நடை, திரும்பிப் பார்ப்பது, சிரிப்பு: 50. மாலை, அட்சதை, முடியை உதறுவது, சிலம்பம்: 100. தண்ணீர்த்துளி, உடையும் தேங்காய்: 200-க்கு மேல், வெளியில். மெதுவாக எடுக்கிறோம் என்பதற்காகக் கேமராவையும் மெதுவாக நகர்த்தாதீர்கள். திரையில் நின்றுவிட்டதாகவே தோன்றும். வழக்கத்தைவிடச் சற்று வேகமாக நகர்த்துங்கள். அப்புறம், முகூர்த்த வீடியோ முழுக்க ஸ்லோமோஷன் வைப்பவர்கள் வீட்டுக்காரர்களிடம் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். மாமா பந்தியில் ஓடுவதையும் ஸ்லோமோஷனில் பார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

பாட்டுக்கு வாயசைக்கும்போது ஸ்லோமோஷன் எப்படி? உதடு ஒட்டாதே?

பாட்டை வேகமாக ஓட்டிவிட்டு எடுப்பதுதான் சினிமாப் பாடல் படப்பிடிப்பில் செய்வது. 50-இல் எடுத்து 25-இல் ஓட்டப் போகிறீர்கள் என்றால், இடத்தில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்க விடுங்கள். மணமக்கள் அந்த வேகத்துக்கு வாயசைக்க வேண்டும். எடிட்டிங்கில் பாதி வேகத்துக்குக் கொண்டுவந்தால் உதடு அசல் பாட்டோடு ஒட்டிக்கொள்ளும். துப்பட்டாவும் முடியும் மட்டும் மிதக்கும். பழகாதவர்களுக்கு இரண்டு மடங்கு கஷ்டம், சிரிப்பு வந்துவிடும். அவர்களுக்கு 30-இல் எடுத்து 24-இல் ஓட்டுங்கள், பாட்டு 1.25 மடங்கு வேகம். ஒரே ஒரு எச்சரிக்கை: 30 என்பது என்டிஎஸ்சி பக்கம். வெளியில் பகல் வெளிச்சத்தில் பிரச்சினை இல்லை. குழல் விளக்கின் கீழ் என்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் நிறுத்துங்கள், 1/60-இல் வேண்டாம்.